தொடை பச்சையா, கறுப்பா?

போளூர் வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: கருவாட்டில் மொய்க்கிற பச்சை ஈயை வைத்து, செத்தவர் எப்போது செத்தார் என்று கண்டுபிடிக்கிறார்களாமே, நிஜமா?

நிஜம்தான். ஆனால் பெரும்பாலும் சாட்சி சொல்வது ஈ அல்ல, அதன் புழு. பம்பாயில் பிறந்து இங்கிலாந்தில் மருத்துவம் பார்த்த பக் ரக்ஸ்டன் மாட்டிக்கொண்ட 1935 இரட்டைக் கொலை வழக்கிலேயே, புழுக்களின் வயதைக் கொண்டு இறந்த நாளை மட்டுக்கட்டினார்கள்.

இனத்துக்கு இனம் புழு வளரும் வேகம் வேறு. இனம் தவறினால் நாள் கணக்கும் தவறிவிடும். லூசிலியா குப்ரினா, லூசிலியா செரிகேட்டா இரண்டும் பளபளக்கும் ஈக்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் குப்ரினாவின் முன்னங்கால் தொடை பச்சையாக மின்னும். செரிகேட்டாவுக்கு அது கறுப்பு அல்லது கருநீலம். பிணத்தில் கிடைப்பதோ காலே இல்லாத வெள்ளைப் புழு. தொடைக்கு எங்கே போவது?

ஆரணிப் பட்டா, செயற்கைப் பட்டா என்று கண்ணுக்குப் பிடிபடாதபோது ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பார்கள். முடி கருகும் வாடை வந்தால் பட்டு. புழுவிலும் ஒரு துணுக்கு போதும். 1994-இல் ஃபெலிக்ஸ் ஸ்பெர்லிங்கும் சகாக்களும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைக் கொண்டு மூன்று ஈ இனங்களைப் பிரித்துக் காட்டினார்கள். இன்று அதிலுள்ள சி.ஓ.1 மரபணுவின் சுமார் 650 எழுத்துகளே பல உயிரினங்களுக்கு அடையாளச் சீட்டு.

அந்தச் சீட்டும் சில நேரம் ஏமாற்றும். ஹவாய்த் தீவுகளின் குப்ரினா ஈக்களை ஸ்டீவன்ஸ், வால், வெல்ஸ் மூவரும் ஆராய்ந்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். உட்கருவிலுள்ள 28எஸ் மரபணு ‘குப்ரினா’ என்றது; மைட்டோகாண்ட்ரியாவோ செரிகேட்டா வழி வந்தது! மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே இறங்கும். என்றோ ஒரு செரிகேட்டாப் பெண் குப்ரினா ஆணுடன் கூடியிருக்கிறது. அந்தப் பாட்டியின் மைட்டோகாண்ட்ரியா மகள், பேத்தி என்று இன்றுவரை வந்துவிட்டது. அதனால் ஒரே மரபணுவை நம்பித் தீர்ப்புச் சொல்வது ஆபத்து. இரண்டையும் பார்க்க வேண்டும்.

எதைப் பார்க்கவும் புழு ஒழுங்காக வந்து சேர வேண்டுமே! ஃபார்மலினில் போட்டால் டி.என்.ஏ. சிதைந்துபோகும். அடர்த்தியான எத்தனாலில் போடுவதே சரி. சிலவற்றை உயிரோடு வளர்த்து ஈயாக்கியும் பார்க்க வேண்டும். குற்றத் தடயங்களை ஆராய 1849-லேயே வேதியியல் பரிசோதனைக்கூடம் அமைந்த ஊர் சென்னை. அந்தப் பெருமை உள்ள மாநிலத்தில் புழுவை அசிங்கம் என்று கழுவிச் சாக்கடையில் விடுவது, சாட்சியைக் கலைப்பதற்குச் சமம். சடலம் கிடக்கும் இடத்துக்குப் போகும் காவலர்கள் ஒரு குப்பி எத்தனாலும், புழு வளரும் வேகத்தை மாற்றும் சூட்டை அளக்க ஒரு வெப்பமானியும் கையோடு கொண்டுபோகட்டும். பெரிய செலவில்லை.