கால் நேரானால் போதுமா?

மதுரை நகரத்து ஆஸ்பத்திரிகளின் வாயிலில் ஒரு நாழிகை நின்று பார்ப்போர், முழங்கால் வளைந்து கோலூன்றி வரும் முதியோரைக் காணாதிருக்க முடியாது. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம் முதலிய தாலுகாக்களில் வயலில் குனிந்தும் தரையில் குந்தியும் ஆயுளெல்லாம் உழைத்த ஸ்திரீகள் இவர்களுள் பலர். நெடுங்காலம் வலியைப் பொறுத்திருந்து, கால் வில்போல் வளைந்த பின்னரே இவர்கள் வைத்தியரை நாடுகின்றனர். இத்தகையோருக்கு மூட்டு மாற்று ரண சிகிச்சை ஒரு வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை.

முன்னர் இது பெரும்பாலும் தனவந்தர்க்கே எட்டுவதாயிருந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய சர்க்கார், கோபால்ட்-குரோமியத்தாலான செயற்கை மூட்டின் விலைக்கு, வரி நீங்கலாக ரூ. 54,720 என உச்சவரம்பு விதித்தது. அதற்குமுன் அதன் சராசரி விலை ஒன்றரை லக்ஷத்திற்கு மேலாயிருந்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தால் ஏழைகளும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இச்சிகிச்சையைப் பெறுகின்றனர். இனி நாம் கேட்கவேண்டியது, அதனால் விளையும் பயன் யாது என்பதே.

இடுப்பு மூட்டின் மையத்தினின்று கணுக்காலின் மையம் வரை இழுத்த கோடு முழங்காலின் நடுவே செல்லவேண்டும், மூன்று டிகிரிக்குமேல் கால் கோணலாகாது என்பது வைத்தியர்கள் நெடுநாளாகக் கைக்கொண்ட விதி. பாரம் ஒருபுறமே விழுந்தால் அப்புறத்துப் பிளாஸ்டிக் தேயும். மூட்டு எலும்பினின்று தளரும். 1991ல் இங்கிலாந்தில் 115 மூட்டுகளை ஆராய்ந்தபோது, விதிக்குள் அமைந்தவற்றில் நூற்றுக்கு 3ம், விதி தவறியவற்றில் நூற்றுக்கு 24ம் தளர்ந்திருந்தன. ஆயினும் அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தார் 398 புதுவகை மூட்டுகளை ஆராய்ந்து 2010ல் வெளியிட்ட முடிவில், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்விரு சாராரிடையே குறிப்பிடத்தக்க பேதம் காணப்படவில்லை. மேலும், ஆரோக்கியமான பெல்ஜிய வாலிபரைப் பரிசோதித்தபோது, ஆண்களில் நூற்றுக்கு 32 பேருக்கு இயல்பாகவே கால் மூன்று டிகிரியோ அதற்கு மேலோ வளைந்திருப்பது 2012ல் தெரியவந்தது. எல்லாருடைய காலையும் ஒரே கோட்டில் நிமிர்த்துவது தகுமா என்பது இன்று நிபுணரிடையே விவாதமாயுள்ளது.

இதனால் அளவை அலட்சியம் செய்யலாம் என்று நாம் கூறவில்லை. படத்தில் கால் நேராயிருப்பதே நோயாளியின் க்ஷேமத்திற்கு அத்தாட்சி ஆகாது என்றே கூறுகிறோம். ரண சிகிச்சைக்குப் பின்னும் சுமார் ஐவரில் ஒருவர் முழுத் திருப்தி அடைவதில்லை என்று அயல்நாடுகளின் ஆராய்ச்சிகள் கூறுகின்றன. தசைநார்களின் சமநிலையும், தொடைத் தசையின் பலமும், வீடு திரும்பியபின் செய்யும் பயிற்சியும் கோட்டைப் போலவே முக்கியமானவை.

ஆகவே, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இடுப்பு முதல் கணுக்கால் வரை எக்ஸ்ரே படம் எடுத்து, இரண்டையும் பாதுகாத்து வைக்கவேண்டும். ஓராண்டு கழிந்தபின் நோயாளியை அழைத்து, பஸ் ஏற முடிகிறதா, வயல்வரை நடக்க முடிகிறதா, இரவில் வலியின்றி உறக்கம் வருகிறதா என்று அவருடைய பாஷையிலேயே கேட்டுப் பதிவு செய்யவேண்டும். ஸ்வீடன் தேசம் 1975 முதலே முழங்கால் மூட்டுகளுக்குப் பதிவேடு வைத்து, எந்த மூட்டு நிலைத்தது, எது தவறியது என்று கற்று வந்திருக்கிறது. 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து அளிக்கப்படும் இயன்முறைச் சிகிச்சை, கிராமத்திற்குத் திரும்பும் இவர்கள் ஒவ்வொருவருக்கும் தவறாது கிட்டவேண்டும்.

ஜனங்களின் வரிப்பணத்தால் நடைபெறும் சிகிச்சையின் பலனை அறிய ஜனங்களுக்கு உரிமையுண்டு. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி இதில் வழிகாட்டுமாயின் மற்ற ஜில்லாக்களும் பின்பற்றும். சித்திரைத் திருவிழாவில் அழகரைத் தரிசிக்க வைகைக் கரைக்குப் பிறர் துணையின்றி நடந்து வரும் மூதாட்டியின் நடையே இச்சிகிச்சைக்கு உண்மையான அளவுகோல் என்பது நமது அபிப்பிராயம்.