ஏவுவார் இல்லாத வேலை

தோட்டக்காரனுக்கு யாரும் மணியடித்து வேலை சொல்வதில்லை. மழை கண்டால் உழவு, கன்று வாடினால் இறைப்பு என்று நிலமே நம்மை ஏவி வந்தது. காணியை விட்டு எழும்பியபோது அந்த ஏவலும் காணியோடு நின்றுவிட்டது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களிற் சில, கால் நூற்றாண்டுக்கு மேலாக நலன்புரி நிலையங்களில் இருந்தன. ஒரு நாளைப்போலவே மறுநாளும் விடியும் வாழ்க்கையை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் உண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. ஒஸ்ரியா நாட்டில், வியன்னாவுக்கு அண்மையில் மரியந்தால் என்றொரு கிராமம். 1930 அளவில் அங்கிருந்த ஆலை மூடப்பட, ஊரிற் பெரும்பாலானோர் வேலையிழந்தனர். மாரி யகோடா முதலிய ஆய்வாளர்கள் அங்கு கண்டவற்றை 1933 இல் நூலாக வெளியிட்டனர். நேரம் தாராளமாக இருந்தும் நூல்நிலையத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. கட்டணத்தை நீக்கிய பின்னும் குறைந்தது. ஆண்கள் வீதியில் மெல்ல நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. பெண்களோ விரைந்து நடந்தனர். அடுப்பும் பிள்ளைகளும் அவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்தன. (நம் முகாம்களில் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் யாரென்று ஆண்கள் சற்று நினைத்துப் பார்க்கலாம்.)

ஏவுவார் இல்லாதபோது நம்மை நாமே ஏவ வேண்டியிருக்கிறது. அதற்கு உறுதி மட்டும் போதாது. எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று முன்கூட்டியே தீர்மானிப்பவர்கள் வேலையைச் செய்து முடிப்பது கூடுதல் என்பதை பீற்றர் கொல்விற்சர் என்ற ஜேர்மனிய உளவியலாளர் 1999 இல் எடுத்துக்காட்டினார். "தோட்டம் செய்ய வேண்டும்" என்ற எண்ணம் எண்ணமாகவே கிடக்கும். "நாளை தேநீர் குடித்தவுடன் கிணற்றடியில் ஒரு பாத்தி கொத்துவேன்" என்றால் தேநீரே ஞாபகப்படுத்தும்.

"எந்நேரமும் எழும்பச் சொல்வார்கள், ஏன் நடுவான்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆகவேதான் முதலில் கீரை. முளைக்கீரையை ஏறக்குறைய ஒரு மாதத்திற் பிடுங்கலாம். மரவள்ளியும் முருங்கையும் பிறகு வரட்டும். மனம் சோர்ந்திருப்பவருக்குக் கெதியாகக் கண்ணிற்படும் பலன் வேண்டும்.

பிறர் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்களின் நிலை வேறு. குறைந்த கூலி கொடுத்துவிட்டு "மனம் வைத்துச் செய்" என்பவரின் பேச்சை நாம் ஆதரிக்கவில்லை. கூலிப் பிரச்சினைக்குக் கூலியே மருந்து. ஆனாலும் ஒரு கொப்பி வைத்திருங்கள். ஒரு பக்கத்தில் வேலை செய்த நாளும் வரவேண்டிய காசும். மறு பக்கத்தில் அன்று கண்டது: வெங்காயத்துக்கு எத்தனை நாளுக்கொருமுறை இறைத்தார்கள், எந்த மருந்து, எவ்வளவு, நோய் எந்தப் பாத்தியில் தொடங்கியது. எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு இரவில் எழுதுவிக்கலாம்.