பன்னிரண்டில் நான்கு

பட்டணம் பார்க்கப் புறப்படுகிறவர்களிலே இரு வகையினர் உண்டு. கையில் ஓர் அட்டவணையுடன் புறப்பட்டு, ஒவ்வோர் இடமாகக் கோடிட்டு வெட்டிக்கொண்டே போகிறவர்கள் ஒரு வகை. கால் போன வழியே போய், கண்ணிற் பட்டதைப் பார்த்து மகிழ்கிறவர்கள் மற்றொரு வகை. இவ்விரு வகையினரும் கணவனும் மனைவியுமாக வாய்த்துவிட்டால் அந்த நாள் எவ்வாறு முடியும் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

திருகோணமலையிலிருந்து விடுமுறைக்கு இலண்டன் சென்ற நாம், நகரின் வடமேற்கே கொலின்டேல் என்னும் பகுதியில் மகளின் வீட்டிலே தங்கியிருந்தோம். முப்பத்தைந்து ஆண்டு இல்வாழ்விலே, நாமும் எமது துணைவியாரும் வேறோர் அலுவலுமின்றி ஒரு முழு நாளைச் சேர்ந்து கழித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாடசாலை, பிள்ளைகள், முதியோரின் வைத்தியம், ஊர்ச் சடங்குகள் என்று காலம் ஓடிவிட்டது. ஆதலால் யூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றை எமக்கென ஒதுக்கி, பார்க்கவேண்டிய பன்னிரண்டு இடங்களை நேர ஒழுங்குப்படி எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமையாதலின் மகள் மரக்கறிச் சாப்பாடாகப் புளிச்சோற்றைப் பொதி செய்து தந்தாள். “அம்மாவை ஓட ஓட விரட்டாதேயுங்கோ, அப்பா” என்று எம்மை எச்சரித்தாள். தாயின் காதிலே வேறேதோ சொன்னாள். அது என்னவென்று நாம் கேட்கவில்லை. எமது நினைவெல்லாம் அட்டவணையிலே இருந்தது.

உலகின் முதலாவது நிலக்கீழ் ரெயில் ஓடத் தொடங்கியது இந்நகரிலேதான். அது 1863ஆம் ஆண்டில். அந்தப் பாதைகளின் வழியே சென்று வெஸ்ட்மின்ஸ்டரில் ஏறி வெளியே வந்ததும், எதிரே பாராளுமன்றத்தின் மணிக்கூட்டுக் கோபுரம் நின்றது. பிக் பென் என்று பலரும் கோபுரத்தையே சுட்டினாலும், அது உள்ளே தொங்கும் 13.7 தொன் எடையுள்ள பெருமணியின் பெயராகும். 96 மீற்றர் உயரமான கோபுரத்துக்கு 2012இல் எலிசபெத் கோபுரம் என்று பெயர் சூட்டினார்கள். 1859இல் ஓடத் தொடங்கிய இக்கடிகாரத்தின் நேரத்தைச் சரிசெய்யும் முறை வேடிக்கையானது. ஊசலின் மேல் பழைய பென்னிக் காசுகளை வைப்பார்கள். ஒரு காசைக் கூட்டினால் கடிகாரம் நாளொன்றுக்கு 0.4 செக்கன் விரைந்து ஓடும். எடுத்துவிட்டால் அந்தளவு தாமதிக்கும்.

இதை விளக்கியபோது துணைவியார் சிரித்தார். “உங்களுடைய ஊசலிலிருந்து இரண்டு காசை எடுத்துவிட்டால் நல்லது” என்றார். நாம் அதை நகைச்சுவையென்று எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடந்தோம்.

அடுத்தது வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயம். 1066ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் முதலாம் வில்லியம் இங்கே முடிசூடினான். 2023 மே மாதம் மூன்றாம் சார்ல்ஸ் மன்னர் முடிசூடியதும் இங்கேதான். நியூற்றன் முதலிய பேரறிஞர் பலர் இதனுள்ளே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். ஆனால், துணைவியாரின் கால்கள் நின்றது வேறோரிடத்தில். மேற்கு வாயிலருகே, சிவந்த மலர்கள் சூழ்ந்த கருங்கல்லொன்று தரையிலே கிடந்தது. முதலாம் உலகப் போரில் இறந்து, பெயர் தெரியாது போன ஒரு போர்வீரனின் சமாதி அது. 1920ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி, பிரான்சிலிருந்து கொண்டுவந்த மண்ணிட்டு அவனை இங்கே அடக்கினார்கள். இத்தேவாலயத்தின் தரையிலே மன்னர்களின் கல்லையும் மிதித்து நடக்கலாம். இந்தக் கல்லை மிதிக்க எவருக்கும் அனுமதி இல்லை. 1923இல் இங்கு மணமுடிக்க வந்த எலிசபெத் போவ்ஸ்-லையன், போரிலே சகோதரனை இழந்தவர், தமது மணப்பூச்செண்டை இக்கல்லின்மீது வைத்துவிட்டுச் சென்றார். அதுமுதல் இங்கே மணமுடிக்கும் அரச குடும்பத்துப் பெண்களின் பூச்செண்டு இச்சமாதிக்கு வருவது வழக்கமாயிற்று.

துணைவியார் நெடுநேரம் அதனருகே நின்றார். எங்கே போனான், எந்த மண்ணிலே கிடக்கிறான் என்று அறியாத பிள்ளையைப் பற்றி எமது நாட்டுத் தாய்மாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாமோ கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். பதினொரு மணிக்கு பக்கிங்ஹாம் மாளிகையிலே காவலர் மாறும் வைபவம்!

நாம் விரைந்து வெளியேறி, புனித ஜேம்ஸ் பூங்காவின் நடுவே வந்தபோது அவ்வைபவத்தின் வாத்திய ஒலி தூரத்தே தேய்ந்துகொண்டிருந்தது. மூன்றாம் இலக்கம் தவறிவிட்டது. “அந்தக் கல்லருகிலே அரைமணி நேரம் போய்விட்டதே” என்று சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம்.

துணைவியார் கோபிக்கவில்லை. முழங்காலைத் தடவியபடி அங்கிருந்த வாங்கிலே அமர்ந்தார். “இஞ்சாருங்கோ, மற்ற ஒன்பது இடத்தையும் நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கோ. நான் இதிலேயே இருக்கிறேன்” என்றார்.

கோபத்திலே சொல்லியிருந்தால் மறுமொழி சொல்லியிருக்கலாம். களைப்பிலே சொன்ன சொல்லுக்கு மறுமொழி கிடையாது. நாமும் அருகில் அமர்ந்தோம். எதிரே குளத்திலே கூழைக்கடாக்கள் மிதந்தன. 1664இல் உருசியத் தூதர் அரசருக்கு அளித்த பறவைகளோடு தொடங்கி, இன்றுவரை அவ்வினத்தை இப்பூங்காவிலே பேணி வருகிறார்கள். துணைவியார் பொதியை அவிழ்த்து, வழக்கம்போல் எமக்கே முதலில் நீட்டினார். அந்தப் புளிச்சோறு தொண்டையிலே சிறிது தங்கித்தான் இறங்கியது.

“உமக்கு இந்த ஊரிலே எதைப் பார்க்க விருப்பம்?” என்று கேட்டோம். அட்டவணை எழுதும்போது கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

“தாரையைப் பார்க்கவேணும்” என்றார் உடனே.

எமது துணைவியார் சரித்திர ஆசிரியையாக இருந்தவர். தாராதேவி சிலையின் படத்தை எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டியவர். “படத்தையே காட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நேரிலே பார்க்கவேணும் என்று அப்போதே நினைத்தேன்” என்றார். முப்பத்தைந்து ஆண்டு ஒரு கூரையின்கீழ் இருந்தும் இந்த ஆசையை நாம் அறிந்திருக்கவில்லை. எமது அட்டவணையிலே பிரித்தானிய நூதனசாலை பத்தாம் இலக்கத்தில் இருந்தது, தாரை இருக்கவில்லை. தாளை மடித்து உள்ளே வைத்தோம். அதன்பின் அதை எடுக்கவேயில்லை.

மெதுவாக நடந்து திரபல்கர் சதுக்கத்தை அடைந்தோம். 1805இல் கடற்போரில் வென்று உயிர்துறந்த நெல்சன், ஏறக்குறைய 52 மீற்றர் உயரத் தூணின் உச்சியிலே நிற்கிறார். அவருடைய கடற்படை எமது திருகோணமலைத் துறைமுகத்திலே 1957 வரை தளம் வைத்திருந்தது. ஆதலால் முற்றிலும் அந்நியர் என்று அவரைச் சொல்வதற்கில்லை. அங்கும் ஓரிடத்தில் அமர்ந்து தேநீர் அருந்திவிட்டே புறப்பட்டோம்.

பிரித்தானிய நூதனசாலை 1753இல் நிறுவப்பெற்று, 1759இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அன்றுபோல் இன்றும் நிரந்தரக் காட்சிக்கூடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஏறக்குறைய 80 இலட்சம் பொருள்களிலே நூற்றில் ஒன்றளவே காட்சியில் உள்ளது. வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை மணிவரை திறந்திருப்பதும் எமக்கு வாய்ப்பாயிற்று. எகிப்தின் ரொசெற்றாக் கல்லைச் சுற்றிப் பெருங்கூட்டம். அதைக் கடந்து, தெற்காசியப் பொருள்கள் உள்ள நீண்ட கூடத்துக்குப் போனோம்.

அங்கே நின்றாள் தாரை. எட்டாம் நூற்றாண்டில் வெண்கலத்தால் திண்மமாக வார்த்துப் பொன்முலாம் பூசிய சிலை. உயரம் 143 சதமமீற்றர்; எமது வீட்டுப் பிள்ளையொருத்தியின் உயரம் என்னலாம். உயர்ந்த முடி, ஒடுங்கிய இடை, தாழ்ந்த பார்வை. இடக்கையிலே முன்னர் தாமரை இருந்திருக்கலாம் என்கிறார்கள், இப்போது வெறுங்கை. வலக்கை மட்டும் கீழ்நோக்கி விரிந்து, கேட்டதைக் கொடுக்கும் வரத முத்திரை காட்டுகிறது.

திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்திலே கிடைத்த சிலை இது. 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் பிறவுண்றிக் 1830இல் இதனை நூதனசாலைக்கு வழங்கினார். அவருடைய காலத்திலேதான், 1815இல், கண்டி இராச்சியம் வீழ்ந்தது. கண்டியரசரின் சிம்மாசனமும் முடியும் கடல்கடந்து சென்று, 1934இல் நாடு திரும்பின. தாரை திரும்பவில்லை.

இங்கே உலகின் பல திசை மக்களும் காசின்றி அவளைக் காண்கிறார்கள். அது நன்மையே. ஆயினும் அவள் கிடைத்த கரையிலே வாழும் பிள்ளை அவளைக் காணவேண்டுமாயின் 8,000 கிலோமீற்றருக்கு மேல் பறந்துவர வேண்டும். தருபவளாகவே செய்யப்பட்டவளை எடுத்துவந்து வைத்திருப்பது முறையா என்ற கேள்வி எம் உள்ளத்திலே எழாமல் இல்லை.

துணைவியார் அதையெல்லாம் பேசவில்லை. சுற்றிலும் ஆட்கள் நிற்பதையும் பாராமல் கைகூப்பினார். பின்னர், “இவ்வளவு தூரம் வந்து எங்களூர்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டோம்” என்றார். மாலை ஏழு மணிவரை அக்கூடத்தை விட்டு நாம் அகலவில்லை. சிலையின் இடையாடை மடிப்பையும், முடியிலே மணிகள் இழந்த குழிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தார். முப்பது வருடம் வகுப்பிலே படிப்பித்த பாடத்தை, அன்றுதான் நாம் ஒரு மாணவனாக இருந்து கேட்டோம்.

நதியைப் பார்க்கவேண்டும் என்று அவர் விரும்பியதால் பஸ்ஸிலே வாட்டர்லூ பாலத்துக்குச் சென்றோம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஆடவர் போர்முனைக்குச் சென்றுவிட, பெண் தொழிலாளர் பலர் நின்று கட்டிய பாலம் இது. கிழக்கே புனித பவுல் தேவாலயத்தின் குவிமாடம். மேற்கே காலையிலே கண்ட மணிக்கூட்டுக் கோபுரம். கோடை வெயில் தேம்ஸ் நதியின்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. பின்னர் கரையோரமாக எம்பாங்க்மென்ட் நிலையத்துக்கு நடந்தோம்.

வடக்கு நோக்கும் மேடையிலே, வந்த ரெயிலில் ஏற முற்பட்டபோது துணைவியார் எமது கையைப் பிடித்து நிறுத்தினார். “இதை விட்டுவிட்டு அடுத்ததிலே போவோம். கேளுங்கோ” என்றார். மேடைக்கும் வண்டிக்குமிடையே உள்ள இடைவெளியைக் கவனிக்கும்படி ஒரு கம்பீரமான ஆண்குரல் ஒலித்தது.

மகள் காலையிலே காதில் சொன்னது இதுவே. அக்குரல் ஒரு நாடக நடிகருடையது. பல்லாண்டுகளுக்குமுன் பதிவு செய்தது. அவர் 2007இல் காலமானார். அதன்பின் அவருடைய மனைவி, கணவரின் குரலைக் கேட்பதற்காகவே இந்நிலையத்துக்கு வந்து அமர்ந்திருப்பாராம். 2012இல் புதிய பொறியை அமைத்தபோது அக்குரல் நின்றுபோயிற்று. அவர் வேண்டிக்கொள்ள, 2013இல் இந்த ஒரு மேடைக்கு மட்டும் பழைய குரலை மீண்டும் கொண்டுவந்தார்கள்.

இரண்டு ரெயில்களை விட்டு மூன்றாவதில் ஏறினோம். வழிநெடுக நாம் அதிகம் பேசவில்லை. இருவரில் ஒருவர் முந்திப் போகத்தான் வேண்டும். பிந்தியிருப்பவருக்கு எந்த மேடையிலே எந்தக் குரல் கிடைக்கும் என்று இருவரும் நினைத்திருப்போம்.

வீட்டிலே மகள், “எத்தனை இடம் பார்த்தீர்கள்?” என்று கேட்டாள். பன்னிரண்டில் நான்கு என்றோம். அது தோல்வியென்று எமக்குத் தோன்றவில்லை. விடுமுறையிலே துணையுடன் பட்டணம் பார்க்கப் புறப்படும் வாசகர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. அட்டவணை எழுதுங்கள், ஆனால் முதலாவது வரியை எழுதுமுன், உடன்வருபவருக்கு எதைப் பார்க்க விருப்பம் என்று கேட்டுவிடுங்கள். நாம் முப்பத்தைந்து ஆண்டு தாமதித்துக் கேட்டோம். நல்லவேளையாக, மறுமொழி சொல்ல அவர் அருகிலேயே இருந்தார்.