விதை முளைக்க வேண்டிய உஷ்ணம்

நெல் விதையை முளைகட்டும் முறையை நம் அங்கத்தினர் அனைவரும் அறிவர். ஒரு நாள் ஊறிய விதையை நீர் வடித்துச் சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலும் ஒரு நாள் வைக்கிறோம். பின்னர் சாக்கினுள் கையை விட்டால் கதகதப்பாக இருக்கும். ஊறிய விதை சுவாசிப்பதால் உண்டாகும் உஷ்ணம் அது. அதனை வெளியேறாமல் காப்பதே சாக்கும் வைக்கோலும் செய்யும் பணி.

காய்கறி விதைக்கும் உஷ்ணம் அவசியமே. ஆயினும், குழித்தட்டில் ஒவ்வொன்றாகத் தனித்து விழும் சிறு விதை, தன்னைத் தானே சூடேற்றிக்கொள்ள இயலாது. சமவெளியில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. மார்கழி, தை மாதங்களில் உறைபனி பெய்யும் நீலகிரியிலோ இதுவே விளைச்சலின் முதற்கண்டம்.

மண்ணின் உஷ்ணம் 25 டிகிரி சென்டிகிரேடாக இருப்பின் தக்காளி ஏறக்குறைய 6 நாளில் முளைக்கும். 15 டிகிரியில் 14 நாளாகும். 10 டிகிரியிலோ 40 நாளும் கடக்கும். மிளகாயும் குடைமிளகாயும் 25 டிகிரியில் 8 நாளில் முளைப்பவை. 15 டிகிரியில் 25 நாள் கேட்கும். அத்தனை நாள் குளிர்ந்த ஈரத்தில் கிடக்கும் விதை அழுகிவிடுகிறது. ‘சங்கம் கொடுத்த விதை பழுது’ என்று முறையிடுமுன், மண்ணில் உஷ்ணமானியைச் செருகிப் பார்த்தல் நலம். முட்டைக்கோசு, பட்டாணி, லெட்டூஸ் ஆகியவை குளிரைத் தாங்குவன. அவற்றிற்கு இச்செலவு வேண்டுவதில்லை.

உஷ்ணம் தரும் வழிகள் எளியவை. விதைத்து நீர் தெளித்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வீட்டினுள் அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடலாம். அடுப்பங்கரைப் பரணும் உதவும். ஆனால் தட்டு கைக்குச் சுடலாகாது. மின்சார வசதியுள்ளோர் தட்டின் அடியில் சூட்டு விரிப்பு இடலாம். 20 வாட் விரிப்பு இரவும் பகலும் இயங்கினாலும் நாளொன்றுக்கு அரை யூனிட்டே செலவாகும். காற்றைச் சூடாக்குவதைவிட மண்ணைச் சூடாக்குவதே சிக்கனம் என்பதை நினைவிற் கொள்க.

இனி, முக்கியமான எச்சரிக்கை ஒன்று. முளைக்கும் வரை தக்காளி, மிளகாய் விதைகளுக்கு வெளிச்சம் தேவையில்லை. முளை தலைகாட்டியதும் நிலைமை தலைகீழாகிறது. அதன்பின் ஒரு நாள் இருட்டிலும் சூட்டிலும் கிடந்தாலும் நாற்று வெளுத்து, மெலிந்து, நீண்டு சாயும். நாற்றழுகல் நோய்க்கும் எளிதில் இரையாகும். எனவே நாள்தோறும் காலையில் தட்டுகளைப் பார்வையிட வேண்டும். முளை கண்ட தட்டை அன்றே எடுத்து, உறைபனி படாத, வெளிச்சம் மிக்க இடத்தில் வைத்து, சூட்டைக் குறைக்க வேண்டும்.

விரிப்பு ஒரு தட்டிற்குத் தேவைப்படுவது ஒரு வாரமோ பத்து நாளோதான்; எஞ்சிய காலமெல்லாம் சும்மா கிடக்கும். ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவதினும், சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை முளைப்பறையாக ஒதுக்கி, முறை வைத்துப் பயன்படுத்துவதே சாலச் சிறந்தது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.