செம்பனை ஆலையின் கொல்லைப்புறம்

செம்பனை ஆலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். லாரி தராசில் ஏறும், குலைகள் சரியும், நீராவி சீறும், கடைசியில் செக்கச் செவேலென்று எண்ணெய் இறங்கும். பார்க்க அழகுதான். இன்றைக்கு அந்தப் பக்கம் வேண்டாம். பூட்ஸை மாட்டுங்கள், பாதுகாப்புத் தொப்பியை வையுங்கள், கொல்லைப்பக்கமாகப் போவோம்! பூமி சூடாவதைத் தடுக்கப் புதுப்புது நிறுவனங்கள் கருவி கொண்டுவருகின்றனவே, அந்தக் கருவிகளுக்கு உண்மையான பரீட்சை எப்படி நடக்கும் என்பது மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ஆலைக் கொல்லையில்தான் தெரியும்.

முதலில் அந்தத் தண்ணீரைப் பாருங்கள். குலைகளை நீராவியில் வேகவைக்கும் கலத்திலிருந்து வடிவது ஒன்று. எண்ணெயைத் தெளியவைத்தபின் தங்கும் சேற்றுநீர் இன்னொன்று. பருப்பையும் ஓட்டையும் பிரிக்கும் இடத்திலிருந்து வருவது மூன்றாவது. மூன்றும் ஒன்று சேர்ந்து, 80, 90 டிகிரி சூட்டோடு, அடர்பழுப்பு நிறத்தில் ஆலையை விட்டு வெளியே ஓடி வருகின்றன. ஒரு டன் குலையை ஆட்டினால் ஏறக்குறைய 600, 700 லிட்டர் இப்படி வரும். நூற்றில் 95 பங்கு வெறும் தண்ணீர். மிச்சம் இருக்கும் கொஞ்சத்தில்தான் எண்ணெய்த் துளியும் நாரும் பழச்சாறும் கிடக்கின்றன. அவற்றைச் சிதைக்க நுண்ணுயிர்கள் கேட்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவுக்குப் போகும். அப்படியே ஆற்றில் விட்டால் மீனுக்கு மூச்சு ஏது?

மலேசியா 1977-லேயே செம்பனை ஆலைகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. நுண்ணுயிர்கள் கேட்கும் அந்த ஆக்சிஜன் அளவை 1978-ல் 5,000-க்கு இறக்கு என்றது. படிப்படியாகக் கயிற்றை இறுக்கி 1984-ல் 100-க்குக் கொண்டுவந்தது. ஆலைகள் கண்ட வழி குட்டைகள். ஒன்றுக்குப் பின் ஒன்றாக நீளமாக வெட்டிய குட்டைகளில் தண்ணீரை வாரக்கணக்கில் தேக்கி வைத்தால் பாக்டீரியாக்களே வேலையை முடித்துவிடும். நிலம் இருந்தது, செலவு குறைவு, ஆறும் தப்பித்தது. வாடை மட்டும் தோட்டத்து மக்களோடு தங்கிவிட்டது. மில் பக்கத்து லயத்தில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள், காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

அந்தக் குட்டையில் இடைவிடாமல் குமிழ் வெடிக்கும். குமிழுக்குள் இருப்பது மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். ஆற்றைக் காப்பாற்றிய குட்டை வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு என்றுதான் நெடுநாள் சரியாகத் தெரியவில்லை!

இப்போது ஜெம்போல் மாவட்டத்துக்குப் போவோம். பகாவ் வட்டாரம். கெடிஸ், ஜெராம் பாடாங் என்று தமிழ்ப்பள்ளிக்குப் பேர் போன தோட்டங்கள் இருக்கும் அதே பக்கம். அங்கே செர்த்திங் ஹிலிரில், அரசின் நில மேம்பாட்டு அமைப்பான பெல்டாவின் ஆலை ஒன்று. புத்ரா மலேசியா பல்கலைக்கழகமும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகமும் பெல்டாவும் கைகோத்து, 2000-களின் தொடக்கத்தில் அந்த ஆலையின் கொல்லையையே ஆய்வுக்கூடமாக்கின. ஷாரக்பா யாக்கோப் முதன்மை ஆசிரியராக எழுதிய ஆய்வுகள் 2005-லும் 2006-லும் வெளிவந்தன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

செய்தது என்ன தெரியுமா? கழிவுநீரைத் தேக்கும், 3,600 கன மீட்டர் கொள்ளும் திறந்த தொட்டிகளில் 52 வாரம் தொடர்ந்து வாயுவை அளந்தார்கள். வெயில், மழை, குலை குவியும் மாதம், குலை வற்றும் மாதம் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. அதுவரை இந்த வாயுவில் 65 விழுக்காடு மீத்தேன் இருக்கும் என்றுதான் எழுதிவைத்திருந்தார்கள். செர்த்திங் ஹிலிரில் கிடைத்ததோ 13.5-லிருந்து 49 வரை! வாயு கிளம்பும் வேகம் ஒரு சதுர மீட்டரில் நிமிடத்துக்கு 0.8 லிட்டராகவும் இருந்தது, 9.8 லிட்டராகவும் இருந்தது. அதே ஆலை, அதே தண்ணீர், ஒரே வருடம், பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். சராசரியாக ஒரு தொட்டி ஒரு நாளைக்கு 518.9 கிலோ மீத்தேனை விட்டது. குட்டைகளையும் அளந்தார்கள். அங்கே மீத்தேன் சராசரி 54.4 விழுக்காடு, ஒரு குட்டைக்கு நாளொன்றுக்கு 1,043.1 கிலோ. குட்டை தொட்டியைவிட இரண்டு மடங்கு!

இந்த எண்களை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். 65 என்று நம்பி ஒருவர் இயந்திரம் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வருமானக் கணக்கும், கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் விற்க நினைத்த கார்பன் கணக்கும் சேர்ந்து கவிழ்ந்திருக்கும். ஒரு வாரம் மட்டும் அளந்திருந்தால் எந்த வாரம் என்பதைப் பொறுத்து விடை மாறியிருக்கும். வருடம் முழுக்கச் சேற்றோரம் நின்றவர்களுக்குத்தான் உண்மை கிடைத்தது. பிறகு அதே இடத்தில் 500 கன மீட்டர் மூடிய கலம் ஒன்றைக் கட்டி, வாயுவைப் பிடித்துக் காட்டினார்கள்.

மூடிய கலம் என்றதும் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள், உண்மையான கூத்து அதற்குப் பிறகுதான். இன்றைக்குப் பல ஆலைகளில் குட்டையின் மேலேயே கெட்டியான கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுகிறார்கள். வாயு சேரச் சேர விரிப்பு பூரி போல உப்பி எழும்பும். அதன்மேல் ஆள் நடந்துகூடப் போகலாம், காலடியில் முழுக் குட்டையும் அசைவது தெரியும்! இனி நம்மூர்ச் சாயங்கால மழையை நினைத்துக்கொள்ளுங்கள். இடி இடித்து அரை மணி நேரம் கொட்டினால் விரிப்பின் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி அழுத்தும். அதை இறைக்கத் தனியாகப் பம்ப் வேண்டும். வெளிநாட்டு வரைபடத்தில் இந்தப் பம்ப் சின்னதாக ஓரத்தில் இருக்கலாம். இங்கே அதுதான் தினசரி வேலை.

அடுத்து கந்தகம். பிடித்த வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருக்கும். அழுகிய முட்டை வாடை அடிப்பது அதுதான். அப்படியே கேஸ் இன்ஜினுக்குள் விட்டால் இரும்பை அரித்துவிடும். அதனால் உயரமான கோபுரம் ஒன்றில் கந்தகம் தின்னும் பாக்டீரியாக்களைக் குடியேற்றி, மேலிருந்து தண்ணீரைச் சொட்டவிட்டு, வாயுவை அதன் வழியே ஏற்றுகிறார்கள். கோபுரத்தைத் திறந்தால் உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கந்தகம் படிந்திருக்கும். அவ்வளவு அழகான மஞ்சள்! ஆனால் அங்கே வேலை செய்கிறவர்கள் மார்பில் வாயு அளக்கும் கருவி இல்லாமல் கிட்டே போகமாட்டார்கள். இந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். வாடை நின்றுவிட்டது என்று நிம்மதிப்படுகிற நேரம்தான் ஆபத்து.

பாக்டீரியாக்களுக்கும் பசி உண்டு. நோன்புப் பெருநாளுக்கு ஆலை நின்றால் அவற்றுக்கு வரும் உணவும் நின்றுபோகும். குலை குவிகிற மாதத்தில் ஒரேயடியாக ஊட்டினால் அமிலம் ஏறி மீத்தேன் சுரப்பு படுத்துவிடும். நல்ல ஆபரேட்டர் இந்தக் கலத்தை இயந்திரமாகப் பார்ப்பதில்லை, மாட்டுத் தொழுவத்தைப் போல நேரத்துக்குத் தீனி, நேரத்துக்குத் தண்ணீர் என்று கவனிக்கிறார்.

தோட்டம் சோதனைக்களமாவது புதிதல்ல. முன்பெல்லாம் செம்பனைக்குக் காய் பிடிக்கவேண்டும் என்றால் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தம் தூவினார்கள். 1981-ல் ஜொகூர் குளுவாங் பக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த சின்ன வண்டு ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். வண்டு வேலையை எடுத்துக்கொண்டது, நாடு முழுக்கப் பரவியது. தோட்டத்துக் கைகள் செய்த வேலை எந்தச் சோதனையால் போனது என்பது தோட்டத்து வரலாற்றில் எழுதவேண்டிய ஒன்று.

இன்றைக்குத் தோட்டமே ஊராகிவிட்டது. நீலாய், செண்டாயான், சிரம்பான் 2 என்று பால்மரமும் செம்பனையும் நின்ற நிலத்தில் இப்போது வீடமைப்பும் தொழிற்பேட்டையும். அதனால்தான் இந்தச் சோதனை நகரத்துச் சோதனையாகவும் மாறுகிறது. கேடிஎம் ரயிலில் வரும் லாபுவில் மலேசிய செம்பனை வாரியத்தின் ஆலைத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. ஆய்வுமேசையில் ஜெயித்த யோசனையை நிஜ ஆலை அளவில் ஓட்டிப் பார்ப்பதற்காகவே ஓர் ஆலை! இப்படி ஒன்று நம் மாநிலத்தில் இருப்பதை நினைத்தாலே பெருமையாக இருக்கிறது. 2020-ல் அரசாங்கம் தேசியச் சோதனைக்களத் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. புது நிறுவனங்கள் தங்கள் பொருளை விதிகளுக்கு உட்பட்டு நிஜ இடத்தில் ஓட்டிப் பார்க்க அது வழி செய்கிறது.

நகரத்தில் சோதிப்பது என்றதும் சென்னைக்காரர்களுக்குக் கோயம்பேட்டுச் சந்தை நினைவுக்கு வரும். 2005 வாக்கில் அந்தச் சந்தையின் காய்கறிக் கழிவைப் பயோகேஸ் ஆக்க நாளைக்கு 30 டன் கொள்ளும் ஆலை கட்டினார்கள். அங்கே பாக்டீரியாவைவிடப் பெரிய கேள்வி குப்பை எப்படி வந்து சேர்கிறது என்பது. வாழைத்தண்டும் சணல் கயிறும் பிளாஸ்டிக் பையும் ஒன்றாக வந்தால் எந்தக் கலமும் விக்கும். செம்பனை ஆலையின் கழிவு ஒரே குழாயில் வருகிறது, நகரத்தின் கழிவு ஆயிரம் கைகளிலிருந்து வருகிறது. நகரத்தில் சோதிக்க வருகிறவர்கள் முதலில் அந்தக் கைகளோடு பேசவேண்டும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் கொல்லைப்புறம் முழுசாகத் தெரியாது. ஆலைக்கு மின்சாரம் ஏற்கெனவே இருக்கிறது, நாரையும் ஓட்டையும் எரித்துத் தானே தயாரித்துக்கொள்கிறது. அப்படியிருக்க வாயுவைப் பிடித்து என்ன செய்வது? தேசிய மின்கம்பி பக்கத்தில் இருந்தால் விற்கலாம், 2011 டிசம்பரிலிருந்து அதற்கு நிர்ணய விலையும் கிடைக்கத் தொடங்கியது. கம்பி தூரத்தில் இருந்தால் செலவுதான் மிஞ்சும். 2014 ஜனவரியிலிருந்து புதிய ஆலைகளும் விரிவாக்கம் கேட்கும் ஆலைகளும் வாயுவைப் பிடித்தே ஆகவேண்டும். பழைய ஆலைகளை அந்த விதி தொடவில்லை, எனக்கு அது பெரிய ஆதங்கம். சிலாங்கூரின் சுங்கை தெங்கியில் 2015 வாக்கில் வேறொரு வழியைக் காட்டினார்கள். வாயுவைச் சுத்தம் செய்து, அழுத்தி, தொழிற்சாலைகளுக்கு லாரியில் அனுப்பினார்கள். கம்பியை நம்பாமலே தோட்டத்து வாயு தொழிற்சாலை அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது!

இனி நம் வட்டாரத்துக்குப் புதுக் கருவியோடு ஒரு நிறுவனம் வந்தால், ஆலை நிர்வாகமும் மாநில அரசும் அதனிடம் 52 வாரக் கணக்கு கேட்கவேண்டும் என்பது என் ஆசை. செப்டம்பர், அக்டோபரில் குலை குவியும்போது எடுத்த அளவை மட்டும் காட்டினால் போதாது, பிப்ரவரியில் வற்றும்போது எடுத்ததும் வேண்டும். மழை நாள், ஆலை நின்ற நாள், பம்ப் பழுதான நாள் எல்லாம் பதிவில் இருக்கவேண்டும். பக்கத்துக் குடியிருப்பில் இரண்டு மூன்று பேரைச் சம்பளம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டு, காலையும் மாலையும் வாடை எப்படி என்று அவர்கள் கையால் எழுதவைக்கவேண்டும். தலைமுறைகளாக அந்தக் காற்றைச் சுவாசித்தவர்களின் மூக்கும் ஒரு கருவிதான், அதற்கும் கூலி உண்டு. அந்த அளவீட்டுத் தாளை மாதாமாதம் மலாயிலும் தமிழிலும் அச்சடித்து ஆலை வாசலில் ஒட்டினால், ஷிப்ட் முடிந்து வருகிறவர் நின்று படித்துவிட்டுப் போவார். எண் தப்பாக இருந்தால் மறுநாளே கேள்வியும் கேட்பார்.