சோற்றுத் தட்டில் ஓர் ஆட்சிப் பாடம்

"அரசின் உறுப்புகள் எவை?" என்று பத்தாம் வகுப்பு மாணாக்கரைக் கேட்டுப் பாருங்கள். சட்டமன்றம், நிருவாகம், நீதித்துறை என மூன்றையும் தங்குதடையின்றி ஒப்புவிப்பர். "உங்கள் தெருக் குழாயில் நீர் வராவிடில் யாரிடம் முறையிட வேண்டும்?" என்று அடுத்த வினாவைத் தொடுத்ததும் வகுப்பறை அமைதியாகிவிடும். ஒருவர் முதலமைச்சரின் பெயரைச் சொல்வார். இன்னொருவர் உள்ளூர்க் கட்சிக்காரரின் பெயரைச் சொல்வார். ஊராட்சி என்ற சொல் பலருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

இதனைச் சிறு குறை என்று நாம் ஒதுக்கிவிடல் ஆகாது. வாக்களிக்கும் வயதை 21-இலிருந்து 18-ஆகக் குறைத்த 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. பதினைந்து வயது மாணாக்கருக்கும் வாக்குச் சாவடிக்கும் இடையே இருப்பவை மூன்றே ஆண்டுகள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடும் பிள்ளைக்கோ, குடிமையியலின் கடைசிப் பாடம் அவ்வாண்டின் பாடநூலே. அரசு என்பது தேர்தல் நேரத்தில் பொருள் வழங்கும் ஏதோ ஒரு கை என்ற எண்ணத்தோடு அப்பிள்ளை வெளியேறினால், நாளை தன் வாக்குக்கு விலை பேசுபவரிடம் என்ன மறுமொழி கூறும்?

அங்ஙனமாயின் இப்பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? நண்பகலில் மாணாக்கர் கையில் ஏந்தும் சோற்றுத் தட்டிலிருந்தே தொடங்கலாம் என்போம்.

அத்தட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1920-இல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்க முன்வந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து அதற்குச் செலவிட அந்நாளைய ஆங்கில அரசு இசையாமையால், 1925-இல் அத்திட்டம் நின்றுபோயிற்று. நல்லெண்ணம் மட்டும் போதாது, நிதியின் மீது அதிகாரமும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ? விடுதலைக்குப் பின் 1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. 2024-இல் அது ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளையும் எட்டியது.

அரசின் மூன்று உறுப்புகளும் இத்தட்டில் அடங்கியுள்ளமை காண்க. இதற்கான பணத்தை ஆண்டுதோறும் ஒதுக்க ஒப்புதல் தருவது 234 உறுப்பினரைக் கொண்ட நம் சட்டமன்றம். அரிசியும் முட்டையும் வந்து சேர்ந்தனவா என்று பார்ப்பது மாவட்ட ஆட்சியர் முதல் சத்துணவு அமைப்பாளர் வரையிலான நிருவாகம். நீதித்துறையின் பங்கும் உண்டு. அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு வழங்குமாறு 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. பின்னர் நாடாளுமன்றம் 2013-இல் இயற்றிய தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வுணவைப் பிள்ளைகளின் உரிமையாக்கிற்று.

இனி, இப்பணம் யாருடையது? கூலித் தொழிலாளி ஒருவர் சோப்புக்கட்டி வாங்கினாலும் அதன் விலையில் வரி அடங்கியுள்ளது. 2017 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரியில், மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்குரிய தொகை நடுவண் அரசுக்கும் மாநில அரசுக்கும் சரிபாதியாகச் செல்கிறது. எனவே தட்டிலுள்ள சோறு எவரும் இட்ட பிச்சையன்று. தந்தையும் தாயும் செலுத்திய வரியின் பயனே அது. இதனை உணர்ந்த பிள்ளை சோற்றில் கல் கிடந்தால் கேள்வி கேட்கத் தயங்காது. பள்ளிச் சுவரையும் பேருந்து இருக்கையையும் சிதைக்கவும் துணியாது.

தட்டிலிருந்து தெருவுக்கு வருவோம். 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடமளித்தது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகியவற்றில் கிராம சபை கூடுவது நம் மாநிலத்து வழக்கம். ஊராட்சியின் வரவு செலவை அங்கே எவரும் கேட்டறியலாம். ஆசிரியப் பெருமக்கள் மாணாக்கரை அச்சபைக்கு அழைத்துச் சென்று பார்வையாளராக அமரச் செய்யட்டும். மறுநாள் வகுப்பில் மாதிரிக் கிராம சபை ஒன்றை நடத்தட்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தில் விவரம் கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் விடை தரவேண்டும். அத்தகைய விண்ணப்பம் ஒன்றை எழுதப் பழகுவது, பத்து வினாவிடைகளை மனப்பாடம் செய்வதினும் மேலானதன்றோ?

ஓர் எச்சரிக்கையும் தேவை. அரசு வேறு, அதனை நடத்தும் கட்சி வேறு. கட்சி மாறும், ஆட்சி மாறும். அரசின் கடமை மாறாது. எக்கட்சியையும் புகழ்வதற்கோ பழிப்பதற்கோ வகுப்பறை மேடையாகிவிடக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு சொல். வருமானச் சான்றிதழ் போன்ற எளிய தாளுக்குங்கூடச் சிபாரிசுக் கடிதம் கேட்டு நம்மிடம் வருவோர் பலர். தகுதியும் உரிய தாள்களும் உள்ளவருக்குச் சிபாரிசு எதற்கு? "கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால் காரியம் முடியும்" என்று தந்தை வீட்டில் பேசும் ஒரு வாக்கியம், ஆசிரியர் ஓராண்டு நடத்திய பாடத்தை அழித்துவிடும். மாறாக, மகனையோ மகளையோ உடனழைத்துச் சென்று, வரிசையில் நின்று, மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அலுவலரிடம் மரியாதையோடும் அச்சமின்றியும் பேசுங்கள். பிள்ளை அதைப் பார்க்கட்டும். மூன்றாண்டுகளில் அதன் விரலிலும் மை வைக்கப்படும். அந்த மைக்குரிய பொறுப்பை இப்போதே கற்பிப்பது நம் கடமை.