மூன்று முறைதான் மேயர்... அப்புறம் மகள், மகன்! பிலிப்பைன்ஸ் சட்டத்தில் ஓட்டை எங்கே?

பிலிப்பைன்ஸில் ஒருவர் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் மேயராக இருக்க முடியாது. ஒரு பதவிக்காலம் 3 ஆண்டு. ஆக, 9 வருஷம் முடிந்தால் இறங்கியே ஆகணும். மாகாண ஆளுநர், துணை மேயர், நகர்மன்ற உறுப்பினர்களுக்கும் இதே கணக்குதான். இடையில் ராஜினாமா செய்துவிட்டு, ‘தொடர்ச்சி அறுந்துபோச்சு’ என்று புதுக்கணக்கு தொடங்கவும் முடியாது. அரசியலமைப்பிலேயே அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு கறார்? 1965-ல் அதிபரான ஃபெர்டினாண்ட் மார்கோஸ், 1972-ல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். 1986 மக்கள் எழுச்சிதான் அவரை நாட்டை விட்டே விரட்டியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதப்பட்டது 1987 அரசியலமைப்பு.

சரி, நினைத்தது நடந்ததா?

டாவோ நகரத்தைப் பாருங்கள். ரோட்ரிகோ டுடெர்டே 1988 முதல் 1998 வரை அங்கே மேயர். வரம்பு வந்ததும் நாடாளுமன்றத்துக்குப் போனார். 2001-ல் திரும்பி வந்து, 2010 வரை மீண்டும் மூன்று முறை மேயர். அடுத்து நடந்ததுதான் சுவாரசியம்: 2007 முதல் துணை மேயராக இருந்த மகள் சாரா 2010-ல் மேயரானார், அப்பா துணை மேயர்! 2013-ல் மறுபடியும் அப்பா. 2016-ல் அவர் அதிபராக, நாற்காலி மகளுக்கு. 2022-ல் சாரா துணை அதிபராக, மேயர் பதவி தம்பி செபாஸ்டியனுக்கு.

2025 மார்ச்சில் ரோட்ரிகோ கைது செய்யப்பட்டார். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த கொலைகள் தொடர்பான வழக்கு. தி ஹேக் நகரில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றக் காவலில் இருந்தபடியே, மே மாதம் மறுபடியும் டாவோ மேயராக ஜெயித்தார். துணை மேயராக ஜெயித்த செபாஸ்டியன்தான் பொறுப்பைக் கவனிக்கிறார்.

இதில் எதுவும் சட்டமீறல் இல்லை. ‘தொடர்ந்து’ என்ற ஒற்றைச் சொல்தான் வாசல். புவேர்ட்டோ பிரின்செசா நகரில் மூன்று முறை மேயராக இருந்த எட்வர்ட் ஹேகடோர்ன், 2001-ல் பதவி முடிந்து, அடுத்த ஆண்டே நடந்த திரும்ப அழைக்கும் தேர்தலில் நின்றார். இடையில் ஒரு வருஷத்துக்கும் மேல் சாதாரணக் குடிமகனாக இருந்தாரே, தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றது உச்ச நீதிமன்றம்.

இன்னொரு வாசல், குடும்பம். வரம்பு ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. குடும்ப அரசியலைத் தடை செய்யணும் என்று அதே அரசியலமைப்பு சொல்கிறது. ஆனால் எது குடும்ப அரசியல் என்பதைச் சட்டம் வரையறுக்கும் என்று நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பலரும் அப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்தான். 2025 வரை அந்தச் சட்டம் வரவே இல்லை.

ஓர் இடத்தில் துணிந்தார்கள். கிராம அளவிலான இளைஞர் மன்றங்களுக்கு 2016-ல் வந்த சட்டப்படி, அந்தப் பகுதியில் பதவியில் இருப்பவர்களின் நெருங்கிய உறவினர்கள் போட்டியிட முடியாது. அதாவது, மேயரின் 20 வயது மகளால் இளைஞர் மன்றத் தேர்தலில் நிற்க முடியாது. வயது வந்ததும் மேயர் தேர்தலில் தாராளமாக நிற்கலாம்.